ஸ்டாண்ட் அப் நிகழ்ச்சிக்கு ஆள் சேர்க்கும்போது இனமும் பாலினமும் பார்க்க வேண்டுமா, திறமை மட்டும் போதாதா?

கேள்வியின் சுருக்கம் இது: சிங்கப்பூரில் நண்பர்களோடு சேர்ந்து மாதம் ஒருமுறை ஆங்கிலத்தில் ஸ்டாண்ட் அப் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்துகிறீர்கள். மேடையேறும் ஏழு பேரும் ஆண்கள், அதில் ஆறு பேர் சீனர்கள். பார்வையாளர் ஒருவர் அதைக் குறையாகச் சொல்லிவிட்டார். 'ஓர் இந்தியப் பெண்ணைச் சேர்த்துவிட்டால் சரியாகிவிடுமா?' என்று கேட்கிறீர்கள்.

அந்த 'ஓர் இந்தியப் பெண்' நான்தான். 2015 முதல் 2019 வரை அந்த இடத்தில் இருந்தவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஏழாவது ஆள் நீங்கள்தான் என்று ஊகிக்கிறேன்; தமிழில் கேட்டிருக்கிறீர்களே. அப்படியென்றால் நான் சொல்வதில் பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும். மீதிப் பாதிக்காகப் படியுங்கள்.

நான் மருத்துவமனைத் தாதி. இரவுப் பணி இல்லாத வாரங்களில், பெயர் கொடுத்தால் யாரும் மேடையேறலாம் என்கிற ஓப்பன் மைக் மேடைகளுக்குப் போவேன். மதுக்கூடத்தின் மாடியில் முப்பது நாற்காலி, ஒரு மைக், ஆளுக்கு ஐந்து நிமிடம். நான்காவது நிமிடம் முடிந்ததும் பின்சுவரில் சிவப்பு விளக்கு எரியும். சம்பளம் கிடையாது. ஒரு பானம் இலவசம். அதற்காகவே தீவின் வடகோடியில் உள்ள உட்லண்ட்ஸிலிருந்து எம்ஆர்டி ரயில் பிடித்துப் போவேன் என்றால் எனக்கு அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு வேண்டியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் பெயர் கொடுத்தபோது, நிகழ்ச்சி நடத்துபவர், "இன்றைக்கு ஏற்கனவே ஓர் இந்தியர் இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள்" என்றார். போனேன். "இன்றைக்கு ஏற்கனவே ஒரு பெண் இருக்கிறார்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். இதைச் சொன்னபோது அவர் முகத்தில் எந்தச் சங்கடமும் இல்லை. ஒரே மாதிரி இருவர் வந்தால் பார்ப்பவர்களுக்குச் சலிக்கும் என்று உண்மையாகவே நம்பினார். அன்றைய பட்டியலைப் பார்த்தேன். முப்பது வயதை நெருங்கும் ஆண்கள் ஐந்து பேர், ஐவரும் டேட்டிங் செயலியைப் பற்றியும் தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவப் பணியைப் பற்றியும் பேசினார்கள். "ஏற்கனவே நான்கு பேர் இருக்கிறார்கள்" என்று ஐந்தாமவரிடம் யாரும் சொல்லவில்லை.

இங்கேதான் உங்கள் 'திறமை' வருகிறது. திறமை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படி நான் சொன்னதாக எழுதிக்கொண்டு வருபவர்கள் தயவுசெய்து இந்த வரியை மறுபடி படியுங்கள். ஆனால் நகைச்சுவையில் திறமை எங்கே விளைகிறது? வீட்டில் கண்ணாடி முன்னால் அல்ல. ஒரே துணுக்கை நாற்பது இரவுகள் சொல்லி, எந்தச் சொல்லில் நிறுத்தினால் சிரிக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதில்தான். வாரம் மூன்று மேடை கிடைத்தவனுக்கு ஓர் ஆண்டில் நூற்றைம்பது மேடை. மாதம் ஒன்று கிடைத்தவளுக்குப் பன்னிரண்டு. ஆண்டு முடிவில் இருவரையும் பக்கத்தில் நிறுத்தி 'யார் திறமைசாலி?' என்று கேட்டால் விடை என்னவென்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

இனி எனக்கு இன்னும் வலிக்கும் பகுதி. தனியாளாக நின்றால் மேடை உங்களிடம் ஒன்றை எதிர்பார்க்கும். நான் முதலில் மருத்துவமனை இரவுகளைப் பற்றித்தான் எழுதினேன். லேசாகச் சிரித்தார்கள். ஒருநாள் இடையில் என் அப்பாவின் ஆங்கிலத்தைப் பேசிக் காட்டினேன். அவர் செம்பவாங் கப்பல் பட்டறையில் இருபத்தெட்டு ஆண்டுகள் வெல்டிங் செய்தவர். அரங்கம் அதிர்ந்தது. அடுத்த முறை, 'விளக்கை அணைத்துவிடாதீர்கள், அப்புறம் என் பல் மட்டும்தான் தெரியும்' என்று தொடங்கினேன். இன்னும் அதிர்ந்தது. இங்கே பள்ளியில் படித்த கறுத்த பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த வாக்கியம் தெரியும். வகுப்பறையில் மின்சாரம் போனால் யாராவது ஒருவர் சொல்வார். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிக்கொண்டால் அது என் கையில் இருக்கிறது என்று நினைத்தேன். ஓர் ஆண்டுக்கு மேல் அப்படித்தான் தொடங்கினேன்.

2017இல் ஒரு வெள்ளிக்கிழமை. முன்வரிசை மேசையில் நான்கு மாணவியர். மூவர் சீனப் பெண்கள், ஒருத்தி நம் பெண், என்னைவிட ஒரு நிறம் கூடுதல். நான் அந்தத் துணுக்கைச் சொன்னேன். மூவரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் ஒரு நொடி அவர்களைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். அந்த ஒரு நொடியை நான் மேடையிலிருந்து பார்த்தேன். உயர்நிலை இரண்டில் நான் சிரித்த சிரிப்பு அது. மீதி மூன்று நிமிடமும் என்ன பேசினேன் என்று நினைவில்லை. இறங்கியதும் அவளிடம் போய் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்ல என்ன இருக்கிறது? அவர்கள் இடைவேளையில் கிளம்பிவிட்டார்கள். அந்தத் துணுக்கை அதன்பின் நான் சொல்லவில்லை. அப்பாவின் ஆங்கிலத்தையும் விட்டுவிட்டேன்.

அடுத்த ஆண்டு ஒரு தோழி ஐந்து பேர் கொண்ட நிகழ்ச்சி நடத்தினார். அவரும் நானும் இன்னொரு தமிழ்ப் பெண்ணும், ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர். அன்று நான் மூன்றாவது. எனக்கு முன்னால் போன தமிழ்ப் பெண் முழுக்க முழுக்கத் தன் வீட்டுக் கடன் பற்றியும் மத்திய சேம நிதி பற்றியும் பேசினார். நான் மேடையேறியபோது 'இந்தியப் பெண்' என்ற பலகை ஏற்கனவே கழன்று விழுந்திருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு அழைப்புமணி அடிக்கும் ஒரு சீனப் பாட்டியைப் பற்றிப் பேசினேன். அவருக்குச் சீனக் கிளைமொழியான ஹொக்கியன் மட்டும் தெரியும். எனக்கு ஹொக்கியனில் இரண்டே தெரியும்: 'சாப்பிட்டாயா', 'வலிக்கிறதா'. அந்த இரண்டு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நாங்கள் இருவரும் உரையாடியதை அப்படியே நடித்துக் காட்டினேன். அவர் தம் மகனைப் பற்றிச் சொல்கிறார், நான் 'சாப்பிட்டாயா' என்கிறேன். செத்துப்போன கணவரைப் பற்றிச் சொல்கிறார், 'வலிக்கிறதா' என்கிறேன். ஓரிடத்தில் சிரிப்பு நின்று அரங்கம் அமைதியானது, பிறகு முன்னைவிடப் பெரிதாக வந்தது. அதிலும் இனம் இல்லையா என்றால் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அன்று நான் யாருக்கும் சார்பாளராக நிற்கவில்லை. இரவுப் பணி முடித்த ஒரு தாதியாக நின்றேன். நான்கு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த மிக நல்ல இரவு அது.

இது சிங்கப்பூரில் மட்டும் உள்ள சிக்கல் அல்ல. 2014இல் பிரிட்டனில் பிபிசி, தன் நகைச்சுவைக் குழு நிகழ்ச்சிகளில் இனி ஆண்கள் மட்டுமே இருக்கக்கூடாது என்று வெளிப்படையாக அறிவித்தது. அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை நடத்திய டாரா ஓ பிரையன் அதைக் குறைகூறினார். அறிவித்துவிட்டதால், இனி வரும் பெண் கணக்குக்காக வந்தவர் என்றே பார்க்கப்படுவார் என்பது அவர் வாதம். அது சரிதான் என்று என் அனுபவம் சொல்கிறது. ஆனால் அதற்காகப் பெண்ணை அழைக்காமல் இருப்பதா? இருவரை அழைத்தால் அந்தப் பேச்சு பாதியாகக் குறையும்.

விகிதக் கணக்கோடு வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள குடியிருப்பாளரில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. 'ஏழு பேரில் ஓர் இந்தியர் என்றாலே விகிதத்துக்கு மேல்தானே' என்பார்கள். சரி. பெண்கள் பாதிக்கு மேல் இருக்கிறார்களே, அந்த விகிதத்தில் மூன்றரைப் பேரைக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. நகைச்சுவை நாடாளுமன்றம் அல்ல. 'குமார் இல்லையா?' என்றும் கேட்பார்கள். இருக்கிறார். 1990களில் பூகிஸில் இருந்த பூம் பூம் ரூம் என்ற இரவு விடுதியில் பெண் வேடத்தில் தொடங்கி இன்றுவரை அரங்கை நிறைக்கிறார், எல்லா இனத்தாரையும் அவர்கள் முன்னாலேயே சீண்டுகிறார். ஷாருல் சன்னா இருக்கிறார், ரிஷி புத்ராணி இருக்கிறார். ஃபாக்கா ஃபஸ் 2018இல் நெட்ஃபிளிக்ஸ் வரை போனார். இவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் பெயர் சொல்லி விரல்விட்டு எண்ண முடிகிறதே, அதைத்தான் நானும் சொல்கிறேன்.

2019இல் ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவர் தோலைக் கறுப்பாக்கிக்கொண்டு இந்தியராக வந்ததும், அதற்கு உள்ளூர்க் காணொளிக் கலைஞர் ப்ரீத்தி நாயரும் அவர் சகோதரர் சுபாஷும் ராப் பாடல் காணொளியில் கொடுத்த பதிலடிக்காகக் காவல்துறை அவர்களுக்கு 24 மாத நிபந்தனை எச்சரிக்கை விடுத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அந்தக் காணொளியின் சொற்களை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுதும் என் வார்டில் ஒவ்வொருவரும் என்னிடம் வந்து, 'உங்கள் ஆட்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?' என்று கேட்டார்கள். என் ஆட்கள்! மேடையில் இருந்தாலும் மருந்து வண்டியோடு நின்றாலும் ஒருத்திக்கு அதுதான் வேலை.

சீனர்களை மட்டும் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நம்மவர்களைப் பற்றியும் சொல்கிறேன். ஓர் அமைப்பின் ஆண்டு விழாவில் தமிழில் பேச அழைத்தார்கள். எழுதியதை முன்கூட்டியே கேட்டு வாங்கி, நோயாளிக்கு மலம் அள்ளும் பகுதியை 'பெண் பிள்ளை மேடையில் பேசுகிற பேச்சா?' என்று அடித்துவிட்டார்கள். எனக்கு முன்னால் பேசிய ஐயா பதினைந்து நிமிடமும் மனைவியைக் குறித்தே பேசினார், குடிகாரனாகத் தள்ளாடியும் காட்டினார். அதை யாரும் அடிக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த பேச்சாளருக்கு விமான டிக்கெட், ஹோட்டல், சம்பளம். எனக்குப் பொன்னாடை. இதுவரை எனக்குக் கிடைத்த பொன்னாடைகள் பதினொன்று. பணி மாற்றிக்கொண்டு, ஒரு நாள் படியை இழந்து, டாக்சிக்கு இருபத்தைந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வருகிறவளுக்குப் பொன்னாடையை வைத்து என்ன செய்வது? உள்ளூர்க் கலைஞருக்கு ஐம்பது வெள்ளி கொடுத்தால் தமிழ் குறைந்துவிடாது. கேள்விக்கு இது தொடர்பில்லாததுதான், ஆனால் கேட்க வேறு இடம் இல்லை.

இனி உங்கள் நிகழ்ச்சிக்கு வருகிறேன். ஒருத்தியை மட்டும் அழைக்காதீர்கள். குறைந்தது இருவரை ஒரே இரவில் அழையுங்கள், இருவரையும் அடுத்தடுத்து நிறுத்தாதீர்கள். முதல் மாதம் அவர்கள் சரியாகச் செய்யாவிட்டால், உங்கள் நண்பர்களுக்குக் கொடுத்ததுபோல இரண்டாம் மாதமும் மூன்றாம் மாதமும் இடம் கொடுங்கள். டிக்கெட் விற்றால் பங்கு கொடுங்கள். அறிமுகம் செய்யும்போது 'இன்றைக்கு ஒரு பெண்ணும் வந்திருக்கிறார்' என்று சொல்லாதீர்கள், பெயரை மட்டும் சொல்லுங்கள். அந்தப் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். என் பெயரில் ழகரம் இருக்கிறது. யாராவது கேட்டிருந்தால் சொல்லிக் கொடுத்திருப்பேன்.