தரங்கம்பாடிக்கு அரை நாள் போதுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். மறுநாள் ஊர் திரும்புவதற்குள் தரங்கம்பாடியும் பூம்புகாரும் பார்க்க ஆசை. அம்மாவுக்கு மூட்டுவலி. பிள்ளைகள் ஆறாவதும் நாலாவதும் படிக்கிறார்கள். எப்படிப் போனால் சரியாக இருக்கும்?"

முதலில் அம்மா அப்பாவுக்கு என் வணக்கங்களைச் சொல்லுங்கள்.

திருக்கடையூரிலிருந்து தரங்கம்பாடி பத்து கிலோமீட்டருக்குள்தான். அரை நாள் தாராளமாகப் போதும், ஆனால் அது காலை அரை நாளாக இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் கடற்கரை வெயிலில் வயதானவர்களால் நிற்க முடியாது. இங்குள்ள டேனிஷ் கோட்டையை வெளியிலிருந்து படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்கள் பெரும்பாலும் நண்பகலில் வந்தவர்கள்தான்.

பிள்ளைகளை எழுப்பி ஐந்தரைக்கே கிளம்புங்கள். நேராகக் கடலோரத்தில் இருக்கும் மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போய்விடுங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306இல் எழுந்த கோயில். டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே இந்த ஊர் இருந்தது என்பதை அங்கே நின்றால் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே புரியும். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் பாறைகள் வழுக்கும். அவற்றின் மேல் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள், குளிக்கவும் இறக்காதீர்கள்.

சூரியன் ஏறியதும் ராஜ வீதிக்கு வாருங்கள். 1792ஆம் ஆண்டைத் தாங்கிய நகர வாயில் வரை நேரான தெரு, ஏற்ற இறக்கம் கிடையாது. அம்மா மெதுவாக நடக்கலாம், இல்லையென்றால் காரிலேயே வரலாம். 1701இல் கட்டிய சீயோன் ஆலயமும் 1718இல் முடிந்த புதிய எருசலேம் ஆலயமும் இந்தத் தெருவில்தான் இருக்கின்றன. இரண்டிலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. ஞாயிறு என்றால் ஆராதனை முடியும்வரை பொறுத்திருந்து உள்ளே போங்கள்.

சீகன்பால்குவின் கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள் இருக்கிறது. 1706இல் ஜெர்மனியிலிருந்து வந்த கிறிஸ்தவ மதபோதகர். உள்ளூர்ப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித்தான் அவர் தமிழ் எழுத்துகளைக் கற்றார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து இங்கேயே அச்சிட்டார். அந்தப் பணி 1715இல் முடிந்தது. அடுத்த நாலு வருடத்தில், முப்பத்தாறு வயதில், இறந்துபோனார். உங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த மணல் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள். இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் அதுதான்.

அதற்குள் பசி வந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் பொறையாரில் டிபன் முடித்துவிட்டு, அனந்தமங்கலம் ராஜகோபாலசுவாமி கோயிலில் பத்துக் கைகளோடு நிற்கும் ஆஞ்சநேயரைப் பார்த்துவிடுங்கள். இந்தக் கோயிலிலிருந்து 1978இல் திருடுபோன ராமர், லட்சுமணர், சீதை சிலைகள்தான் 2020இல் லண்டனிலிருந்து திரும்பி வந்தவை.

கோட்டை திறக்கும் நேரத்துக்குச் சரியாகத் தரங்கம்பாடிக்குத் திரும்பிவிடலாம். உள்ளே அருங்காட்சியகம் இருப்பதால் வார விடுமுறை உண்டு. எந்தக் கிழமை என்று நீங்கள் தங்கும் விடுதியில் முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இது. நாயக்கர் டென்மார்க் மன்னருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் அந்த நாட்டு ஆவணக்காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. 1845இல் ஆங்கிலேயரிடம் விற்கும்வரை ஊர் பெரும்பாலும் டேனிஷ்காரர்கள் கையில்தான் இருந்தது. மேல்தளத்துக்குப் படி ஏற வேண்டும். அம்மாவுக்கு முடியாவிட்டால் முற்றத்தில் உட்காரட்டும், யாராவது ஒருவர் கூடவே இருங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

அப்புறம் பூம்புகார். அன்றிரவே காரில் கோவைக்குக் கிளம்புவதாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். வீடு சேரவே ஏழெட்டு மணி நேரம் ஆகும், கல்யாண அலைச்சல் வேறு. இன்னொரு ராத்திரி தங்க முடியும் என்றால், மதியம் எல்லோரும் படுத்து எழுந்து நாலு மணிக்குப் போங்கள். பழைய பட்டினத்தில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். அதனால் போகிற வழியிலேயே பிள்ளைகளுக்குக் கண்ணகி, கோவலன் கதையைச் சொல்லிவிடுங்கள். காவிரி கடலில் கலக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள்.