வாங்கும் முன் கேளுங்கள்: ரேமை யார் தின்கிறார்கள்?

கேள்வி: புது லேப்டாப், 16 ஜிபி ரேம். எதையும் திறக்காமலே டாஸ்க் மேனேஜரில் 6 ஜிபி போய்விட்டதாகக் காட்டுகிறது. ஏமாந்துவிட்டேனா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: இல்லை. ரேம் (ஓடும் மென்பொருள்கள் உட்காரும் தற்காலிக நினைவகம்) தாராளமாக இருந்தால் விண்டோஸும் தாராளமாக எடுத்துக்கொள்ளும்; 8 ஜிபி மெஷினில் அதுவே அடக்கமாக இருக்கும். அதே பக்கத்தில் 'அவைலபிள்' என்று ஓர் எண் இருக்கும். அது வற்றினால்தான் கவலை. கம்பெனி திணித்து அனுப்பிய சோதனைக்கால ஆன்டிவைரஸை மட்டும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஆன்லைன் தள்ளுபடியில் 4 ஜிபி லேப்டாப் வாங்கினேன். 'விண்டோஸ் 11-க்குப் போதும், பிறகு ரேம் கூட்டிக்கொள்ளலாம்' என்று போட்டிருந்தது. நாலு டேப் திறந்தால் நின்றுவிடுகிறது. ரேம் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறது, ஸ்லாட்டே இல்லை என்கிறார் மெக்கானிக். மகளின் கல்லூரிக்காக வாங்கியது. (தென்காசி வாசகி)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை, அம்மா. தப்பெல்லாம் 'குறைந்தபட்சத் தேவை' என்று அச்சடிக்கிறார்களே, அந்த எண்ணில். விண்டோஸ் 95-க்கு 4 எம்பி, எக்ஸ்பிக்கு 64 எம்பி, 2021-இல் வந்த 11-க்கு 4 ஜிபி. அவ்வளவு இருந்தால் மெஷின் ஆன் ஆகும். வேலை செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை. எக்ஸ்பிக்கு அடுத்த விண்டோஸான விஸ்டா வந்தபோது 'விஸ்டா கேப்பபிள்' (விஸ்டா ஓடும்) ஸ்டிக்கர் ஒட்டி விற்ற பல மெஷின்களில் அதன் அடிப்படைப் பதிப்பு மட்டுமே ஓடியது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் 2007-இல் வழக்கே போட்டார்கள். மைக்ரோசாஃப்டின் துணைத் தலைவர் ஒருவரே, தன் 2,100 டாலர் லேப்டாப் இமெயில் பார்க்கத்தான் லாயக்கு என்று புலம்பிய கடிதம் அதில் வெளிவந்தது. ஆனால் 2009-இன் விண்டோஸ் 7-க்கும் 2015-இன் விண்டோஸ் 10-க்கும் போட்ட எண் ஒன்றேதான்: 64 பிட்டுக்கு 2 ஜிபி. மனசு வைத்தால் கட்டுப்படுத்த முடிகிறது, பாருங்கள்.

'அப்புறம் கூட்டிக்கலாம் சார்' என்று என்னிடமும் ஒரு கடைக்காரர் விற்றார். அந்த லேப்டாப் இப்போது பாட்டு கேட்க மட்டும் உதவுகிறது.

சரி, உங்கள் வேலை: 'கூட்டிக்கொள்ளலாம்' என்ற அந்த விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை மாற்றிவிடுவார்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு விற்பனையாளருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி: ரேமைச் சுத்தம் செய்யும் மென்பொருளுக்கு வருடச் சந்தா கட்டலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வேண்டாம். அதுவும் ரேமில்தான் உட்காரும்.

கேள்வி: அன்று 512 எம்பியில் எல்லாம் ஓடியது. இன்று 8 ஜிபி பத்தவில்லை. இது நியாயமா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: பாதி நியாயம். 2018-இல் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் குரோம் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி ப்ராசஸில், அதாவது தனி அறையில், அடைத்தது. அதற்கு 10 முதல் 13 சதவீதம் ரேம் கூடுதலாகும் என்று கூகுளே சொன்னது. உங்கள் பாங்க் பாஸ்வேர்டைப் பக்கத்து டேப் எட்டிப் பார்க்காமலிருக்க அதைக் கொடுக்கலாம். மீதிப் பாதி அநியாயம். ஸ்லாக், டிஸ்கார்ட் போன்ற அரட்டைச் செயலிகள் எலக்ட்ரானில் கட்டியவை; வெப்சைட் போல ஒருமுறை எழுதி எல்லா கம்ப்யூட்டரிலும் ஓட்ட உதவும் கருவி அது. அரட்டை அடிக்க ஆளுக்கொரு முழு குரோமியம் (குரோமுக்கு அடித்தளம்) பிரவுசரைக் கூட்டிக்கொண்டு வருகின்றன. விண்டோஸுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதும் சம்பளம் கம்பெனிக்கு மிச்சம். ரேம் செலவு நம் தலையில். பழி மட்டும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு.

கேள்வி: பழைய கம்ப்யூட்டருக்கு 8 ஜிபி டிடிஆர்4 ரேம் வாங்கினேன். ஸ்லாட்டில் நுழையவில்லை. எந்த வகை என்று கடைக்காரர் கேட்டபோது 'எதையாவது கொடுங்க' என்றேன். அழுத்திப் பார்த்ததில் ஓரம் உடைந்தது. திரும்ப வாங்க மறுக்கிறார். வழக்குப் போடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: உங்கள் போர்டு முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்3-க்கானதாக இருக்கும். இரண்டிலும் வெட்டு இருக்கும் இடமே வேறு. கடைக்காரர் கேட்டிருக்கிறார், நீங்கள் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் திரும்ப வாங்க மாட்டேன்.