பின்பால் போர்டு கேள்வி-பதில்: 7 மின்னல் எங்கே?

பின்பால் என்றால், உருண்டோடும் இரும்புக் குண்டை ஃபிளிப்பர் என்ற துடுப்புகளால் தட்டி ஆடும் மெஷின். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பேலி கம்பெனி மெஷின்கள். ஆச்சரியமில்லை. 1977இல் தொடங்கி 80களின் நடுப்பகுதி வரை சிகாகோவில் ஒரே குடும்பத்து எம்பியூ போர்டைப் (மெஷினின் மூளை) போட்டே மெஷின்களைச் செய்து தள்ளினார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம். ஆன் செய்ததும் போர்டு தன்னைத்தானே சோதிக்கும், தேறும் ஒவ்வொரு சோதனைக்கும் அதிலுள்ள எல்இடி ஒரு தடவை மின்னும். 7 மின்னினால் எல்லாம் தேறிவிட்டது.

எயிட் பால் மெஷின். எம்பியூ போர்டைக் கழற்றி மேஜையில் வைத்து 5 வோல்ட், 12 வோல்ட் கொடுத்தேன். எல்இடி 6 தடவை மின்னி நின்றுவிடுகிறது. எந்த ஐசியை மாற்ற வேண்டும்?

எதையும் மாற்ற வேண்டாம். சாலினாய்டுகளுக்கு (குண்டைத் தட்டும் மின்காந்தக் காயில்கள்) போகும் 43 வோல்ட் வந்தால்தான் 7வது மின்னல். உங்கள் மேஜையில் அது ஏது? போர்டை மெஷினில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் 6தான் என்றால் ரெக்டிஃபையர் போர்டில் அந்த லைனின் ஃபியூஸைக் கழற்றி மீட்டர் வையுங்கள். கண்ணால் பார்த்துவிட்டு “ஃபியூஸ் நல்லா இருக்கு” என்று எழுதாதீர்கள்.

2 தடவை மின்னுகிறது. 2 என்றால் பழுது போர்டில் யு8 என்று குறித்த ரேம் சிப்பில் என்று படித்து அதை மாற்றினேன். பலனில்லை.

ஆன் செய்ததும் கண் சிமிட்டுவதுபோல ஒரு துடிப்பு வருமே, அதையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். அது கணக்கில் வராது. உங்களுக்கு உண்மையில் 1தான். ரோம் (புரோகிராம் இருக்கும் சிப்) சோதனை தேறிவிட்டது, மாட்டிக்கொண்டிருப்பது யு7, அதாவது 6810 ரேம் சிப். அதையும் உடனே வாங்கிவிடாதீர்கள். சாக்கெட்டில் 5 வோல்ட் வருகிறதா, கால்கள் சரியாகப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். முதலில் மீட்டர், அப்புறம் சால்டர்.

பின்பால் மெஷின் ஆன் ஆகவில்லை. என்ன செய்யலாம்?

எந்தக் கம்பெனி? எந்த வருஷம்? விளக்கு எரிகிறதா? எல்இடி என்ன சொல்கிறது? மொட்டையாகக் கேட்டால் மொட்டையாகத்தான் பதில் வரும்: ஃபியூஸ், 5 வோல்ட்.

பேட்டரி ஆசிட் கொட்டி போர்டின் ஒரு மூலையே பச்சையாகிவிட்டது. பேக்கிங் சோடா போட்டுத் தேய்த்தேன். இப்போது ஆன் செய்தால் எல்இடி அணையாமல் எரிந்தபடியே நிற்கிறது.

ஆசிட் இல்லை ஐயா, ஆசிட் இல்லை! எத்தனை தடவை எழுதுவது? ஆசிட் இருப்பது கார் பேட்டரியில். இந்த 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரியிலிருந்து ஒழுகுவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காரம். காரத்தின் மேல் சோடாவைக் கொட்டி என்ன பிரயோஜனம்? வெள்ளை வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து பழைய டூத் பிரஷால் தேய்க்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீர், கடைசியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு நாள் முழுக்கக் காயவிடுதல்.

கழுவுவதும் கடைசி வேலைதான். அதற்கு முன்னால் பச்சை ஏறிய ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர், சாக்கெட் அத்தனையும் வெளியே வர வேண்டும். கறுத்துப்போன காப்பர் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். சால்டர் வைத்துப் பாருங்கள், தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடினால் இன்னும் சுத்தமாகவில்லை என்று அர்த்தம்.

எல்இடி எரிந்தபடி நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். ஆன் செய்ததும் பிராசசரைச் சரியாகத் தொடங்க வைக்கும் ரீசெட் சர்க்யூட்டைக் கொண்டுபோய்ப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். பிராசசரான 6800 சிப்பின் 40வது காலில் மீட்டரை வையுங்கள். ஆன் செய்ததும் ஒரு நொடி கீழே இருந்து, பிறகு 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். ஏறவில்லையா, ரீசெட் பகுதியை முழுசாகப் புதுசாகக் கட்டுங்கள். கனெக்டர் பின்னை மாற்றும்போது எதிர்ப்பக்க ஒயரின் முனையையும் வெட்டிப் பாருங்கள். இன்சுலேஷனுக்குள்ளேயே கறுப்பு ஏறியிருக்கும்.

நன்றாக ஓடுகிறது என்று சொல்லி விற்ற போர்டு ஒன்றை நானும் வாங்கி ஏமாந்திருக்கிறேன். மேலே பளபளவென்று இருந்தது. யு8 சாக்கெட்டைப் பெயர்த்தால் அடியில் பாசி பிடித்த கிணறு. 4 சாயங்காலம் போயிற்று.

இத்தனை தொல்லை தரும் பேட்டரி எதற்காக? ஹை ஸ்கோரையும் கிரெடிட்டையும் செட்டிங்கையும் ஞாபகம் வைத்துக்கொள்ள. பேட்டரியே இல்லாமலும் மெஷின் பூட் ஆகும். ஞாபகம் வேண்டுமென்றால் யு8இல் இருக்கும் 5101 ரேமுக்குப் பதிலாக என்விரேம் (மின்சாரம் இல்லாமலே ஞாபகம் வைக்கும் சிப்) போட்டுவிடுங்கள், தலைவலி தீர்ந்தது. சாதாரண ஏஏ பேட்டரிதான் என்றால் ஒயர் நீட்டி போர்டுக்கு வெளியே வையுங்கள். நடுவில் ஒரு டையோடு கட்டாயம், ஏனென்றால் இந்த போர்டு பேட்டரியைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். அதே நிக்கல் காட்மியம் பேட்டரியை வாங்கி அதே இடத்தில் மறுபடி வைக்கிறவர்கள் தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம்.

வில்லியம்ஸ் கம்பெனியின் ஃபயர்பவர் மெஷின், 1980. சில நாள் பூட் ஆகிறது, சில நாள் இல்லை. போர்டை லேசாகத் தட்டினால் ஓடுகிறது.

தட்டாதீர்கள். சிபியு போர்டையும் டிரைவர் போர்டையும் சேர்க்கும் 40 பின் கனெக்டர்தான் முதல் சந்தேகம். ஆணும் பெண்ணுமாக இரண்டு பக்கத்தையும் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது வீண். அந்த இணைப்பு தளர்ந்தால் சாலினாய்டு காயில் இழுத்தபடியே நின்று கருகவும் செய்யும். அப்படியே ரோம் சாக்கெட்டுகளையும் பாருங்கள்.

ஃபிஷ் டேல்ஸ் மெஷின். 2 ஃபிளிப்பரையும் ஒன்றாக அழுத்தினால் மெஷின் ரீசெட் ஆகி முதலிலிருந்து பூட் ஆகிறது. சிபியு போர்டு வாங்கலாமா?

வேண்டாம். ஃபிளிப்பர்கள் இழுக்கும்போது 5 வோல்ட் சரிகிறது. 4.6 பக்கம் வந்தாலே காவல் சிப் ரீசெட் அடித்துவிடும். அது தன் வேலையைச் செய்கிறது, அதன்மேல் குற்றமில்லை. பார்க்க வேண்டியவை: பவர் டிரைவர் போர்டில் பிஆர்2 பிரிட்ஜ் ரெக்டிஃபையர், பக்கத்தில் 15,000 மைக்ரோஃபேரட் சி5 கப்பாசிட்டர், சிபியுவுக்குப் போகும் கனெக்டர் பின்கள். அதற்கும் முன்னால் சுவர் பிளக்கில் எத்தனை வோல்ட் என்று பார்த்தீர்களா? முதலில் மீட்டர்.

போர்டைக் கழற்ற ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்க வேண்டுமா? சுவிட்சை அணைத்தால் போதாதா?

பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகும் ஒரு நிமிஷம் பொறுங்கள். பேலி டிஸ்ப்ளேக்களுக்குப் போவது 190 வோல்ட்.

காட்லீப் சிஸ்டம் 1 மெஷின், 1978. சிபியு போர்டில் ராக்வெல் சிப் செத்துவிட்டது என்கிறார்கள். எங்கே கிடைக்கும்?

புதுசாக எங்கேயும் கிடைக்காது. யாரும் இப்போது செய்வதில்லை. செத்தது சிப்தானா என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டு, மாற்று போர்டு வாங்கிப் போடுங்கள். பழையதைத் தூக்கி எறியாதீர்கள். அதில் உயிரோடு ஒரு சிப் இருந்தாலும் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள்.