உருண்டைப்புழு ஐடிஎஸ்1 வரிசையில் டபுள் பீக்

மாதிரியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கோலாலம்பூர் லேப்பில் மலத்தில் இருந்த உருண்டைப்புழு முட்டைகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவில், ஐடிஎஸ்1 என்ற பகுதியின் வரிசையை வாசித்தபோது ஒரே இடத்தில் டபுள் பீக், அதாவது இரண்டு எழுத்துகளுக்கான உச்சிகள் ஒன்றாக வருகின்றன, மாதிரியை எறிந்துவிடலாமா என்கிறீர்கள். அது உண்மையான வேறுபாடாகவே இருக்கலாம். ஐடிஎஸ்1 ஒரே புழுவுக்குள்ளேயே பல நகல்களாக இருக்கும், எல்லாம் ஒன்றுபோல் இராது. போதாததற்கு, மலத்தில் பல புழுக்களின் முட்டைகள் கலந்திருக்கலாம்.

எதிர்த்திசை பிரைமரிலும் (வாசிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஓட்டிப் பாருங்கள். அதே இடத்தில் வந்தால் சரி, அது வெறும் இரைச்சல் இல்லை. அப்புறம், மருந்துக்குப் பின் வெளியேறிய முழுப்புழு கிடைத்தால் தலைப்பக்கத் தசையில் மட்டும் டிஎன்ஏ எடுங்கள். பெண்புழுவின் கருப்பையைத் தொட்டால் ஆண்புழுவின் டிஎன்ஏவும் சேர்ந்துவிடும்.

ஒன்று மட்டும்: இந்த டபுள் பீக்கை வைத்தே மனிதப் புழுவும் பன்றிப் புழுவும் சேர்ந்த கலப்பினம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடாதீர்கள். தாய்வழி மட்டும் வரும் காக்ஸ்1 என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவையும் அதே புழுவில் பாருங்கள். அதுவும்கூடத் தனியாக முடிவு சொல்லாது.