கேள்வி – பதில்: அக்டோபரில் யார் எங்கே போகிறார்?

ஆஸ்திரேலியாவுக்கே உரிய கால்பந்தான ஃபுட்டியில் வீரர்கள் கிளப் மாறும் பருவம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, மெல்பர்ன் ஃபுட்ஸ்கிரேயில் வசிக்கும் நம் விளையாட்டுப் பத்தியாளர் பதில் தருகிறார்.

மெல்பர்னில் வேலை பார்க்கும் என் மகன், அக்டோபர் வந்துவிட்டால் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. கேட்டால் ‘டிரேடு நேரம் அம்மா’ என்கிறான். ஐபிஎல் ஏலம் மாதிரியா இது?
– வாசகி, அடையாறு

ஏலம் இல்லை அம்மா. பெரும்பாலும் செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை எம்சிஜி மைதானத்தில் கிராண்ட் ஃபைனல் நடக்கும். அது முடிந்து ஒரு வாரம் கழிந்ததும் டிரேடு பருவம் தொடங்கும், ஏறக்குறைய பத்து நாள். அந்த நாள்களில் 18 கிளப்புகளும் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் ஹர்திக் பாண்டியாவை 2023-இல் குஜராத்திடமிருந்து மும்பை பணம் கொடுத்து வாங்கியது போல் இங்கே வாங்க வழியில்லை. வீரருக்குப் பதில் இன்னொரு வீரரைத் தரவேண்டும், இல்லையென்றால் ‘பிக்’ தரவேண்டும். பிக் என்பது, நவம்பரில் நடக்கும் டிராஃப்டில் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் ஓர் இடம். புள்ளிப் பட்டியலில் கடைசியாக வந்த கிளப்புக்கே முதல் இடம். ஒரு கிளப் தன் வீரர்களுக்குக் கொடுக்கும் மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு. ஆகவே பணக்கார கிளப் எல்லாரையும் வளைத்துப்போட முடியாது.

உங்கள் மகனின் தூக்கத்தைக் கெடுப்பது இன்னொரு விதி. ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை, அவர் சம்மதிக்காமல் எங்கேயும் அனுப்ப முடியாது. அதனால்தான் ஒரு மனிதர் மனதில் என்ன இருக்கிறது என்று லட்சக்கணக்கான பேர் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒவ்வொரு வதந்தியையும் நம்பி ஏமாந்துபோகிறேன். எதை நம்பலாம், எதைத் தள்ளலாம்?
– வாசகர், கிளென் வேவர்லி

முதலில் ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று பாருங்கள். அடுத்து, வீரரின் சொந்த ஊரைப் பாருங்கள். பாட்ரிக் டேஞ்சர்ஃபீல்டு அடிலெய்டின் உயிர்நாடியாக ஆடிக்கொண்டிருந்தார். ஆனால் அவர் வளர்ந்தது மோக்ஸ் கிரீக்கில், கிரேட் ஓஷன் ரோட்டை ஒட்டிய சின்னக் கடற்கரை ஊரில். அங்கிருந்து ஜீலாங் காரில் போகும் தூரம்தான். 2015-இல் அவர் ஜீலாங்குக்குப் போனார், மறு ஆண்டே லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். ஊர்ப் பாசத்தைக் கணக்கில் வைத்தவர்கள் யாரும் அன்று அதிரவில்லை.

மூன்றாவது, வாங்கும் கிளப்பின் கையில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது என்பது. நல்ல பிக் இல்லாத கிளப்போடு ஒரு பெரிய பெயரைச் சேர்த்துப் பேசினால், அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறந்துவிடுங்கள். ஃப்ரீ ஏஜென்சி மட்டும் விதிவிலக்கு. 2012-இல் வந்த ஏற்பாடு அது. ஒரே கிளப்பில் எட்டு ஆண்டு ஆடி முடித்து ஒப்பந்தமும் தீர்ந்தவர், புது கிளப் ஈடு எதுவும் கொடுக்காமலே அங்கே போகலாம். கிளப்பில் அதிகம் சம்பளம் வாங்குபவராக இருந்தால், அதே தொகையையும் அதே ஆண்டுக்கணக்கையும் தந்து அவரைத் தக்கவைக்கப் பழைய கிளப்புக்கு உரிமை உண்டு.

இந்த உரிமையை மறந்ததால் 2013-இல் ஊரே தவறாகக் கணித்தது. ஹாதார்னின் லான்ஸ் ஃபிராங்க்ளின் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குத்தான் போகிறார் என்று அந்தப் பருவம் முழுக்கப் பேச்சு. ஹாதார்ன் கோப்பையை வென்றது. சில நாளில் அவர் சிட்னிக்கே போனார், ஆனால் சிட்னி ஸ்வான்ஸுக்கு. ஒன்பது ஆண்டு ஒப்பந்தம், ஒரு கோடி டாலர். 26 வயது முன்கள வீரருக்கு அத்தனை நீண்ட ஒப்பந்தத்தை ஹாதார்ன் எப்படி ஈடுகட்டும்? தொகையைவிட அந்த ஒன்பது ஆண்டுதான் கதவைப் பூட்டியது. இன்றும் ஒரு செய்தியில் தொகையை மட்டும் சொல்லி ஆண்டுக்கணக்கைச் சொல்லாவிட்டால் அதைப் பாதிச் செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

டிரேடு முடிந்த மறுநாளே எல்லா கிளப்புக்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். அது சரியா?
– வாசகர், டான்டெனாங்

சரியில்லை. எனக்குக் கோபம் வருவதும் அதற்குத்தான். 2007-இல் வெஸ்ட் கோஸ்டின் கேப்டன் கிறிஸ் ஜட், முந்திய ஆண்டுதான் கோப்பையைத் தூக்கியவர், சொந்த ஊரான மெல்பர்னுக்குத் திரும்ப விரும்பினார். கார்ல்டன் அவரைப் பெற்றது. பதிலுக்கு 3, 20 என்ற இரண்டு பிக்குகளையும் ஜோஷ் கென்னடி என்ற 20 வயதுப் பையனையும் கொடுத்தது. ஜட்டைப் பிடித்த கார்ல்டனுக்கே அன்று பலரும் மாலை போட்டார்கள். ஜட் 2010-இல் பிரவுன்லோவும் வாங்கினார். ஆனால் அந்தப் பையன் வெஸ்ட் கோஸ்டுக்கு 700 கோலுக்கு மேல் அடித்தார், 2018-இல் கோப்பையை வென்ற அணியில் ஆடினார். கார்ல்டன் கடைசியாகக் கோப்பையை வென்றது 1995-இல், இன்றுவரை அதுதான் கடைசி. அந்த டிரேடுக்கு மதிப்பெண் போட 11 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2014-இல் ஜேம்ஸ் ஃபிராலி மெல்பர்ன் கிளப்பைவிட்டு ஹாதார்னுக்கு ஃப்ரீ ஏஜெண்டாகப் போனார். ஈடாக லீக், மெல்பர்னுக்கு 3-ஆம் பிக்கைக் கொடுத்தது. ‘ஒரு தடுப்பாட்டக்காரருக்கு இவ்வளவா?’ என்று மற்ற கிளப்புகளின் ரசிகர்கள் கொதித்தார்கள். மெல்பர்ன் 2-ஆம் பிக்கில் கிறிஸ்டியன் பெட்ராக்காவையும், ஈடாக வந்த 3-ஆம் பிக்கில் ஆங்கஸ் பிரேஷாவையும் எடுத்தது. ஃபிராலி போன மறு ஆண்டே ஹாதார்னோடு கோப்பையைத் தொட்டார். மெல்பர்ன் 2021-இல், 57 ஆண்டு கழித்து வென்றது. அந்த இருவரும் களத்தில் இருந்தார்கள். இரு தரப்புக்கும் நல்லதாக முடிந்த மாற்றம் இது. தலையில் பட்ட அடிகளால் பிரேஷா 2024-இல் ஓய்வு பெற நேர்ந்ததை நினைத்தால் மட்டும் மனம் கனக்கிறது.

நீங்கள் புல்டாக்ஸ் ரசிகர் என்று தெரியும். டாம் பாய்டுக்குக் கொடுத்த தொகை தகுமா? எங்கள் வீட்டில் இன்னும் சண்டை ஓயவில்லை.
– வாசகர், சன்ஷைன்

தகும். ஒரு டாலர்கூடக் குறைக்க மாட்டேன்.

2014 அக்டோபரில் எங்கள் கேப்டன் ரயன் கிரிஃபன், கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போகக் கேட்டார். கேப்டனே போகிறேன் என்றால் கிளப் எங்கே நிற்கிறது என்று ஃபுட்ஸ்கிரே முழுக்க ஒரே புலம்பல். பயிற்சியாளரும் விலகினார். அந்த நிலையில் கிளப், கிரிஃபனோடு 6-ஆம் பிக்கையும் கொடுத்து, முந்திய ஆண்டு டிராஃப்டின் முதல் பிக்கான டாம் பாய்டைக் கொண்டுவந்தது. அவருக்கு வயது 19. அதுவரை ஆடியிருந்தது ஒன்பதே ஆட்டங்கள். அவருக்குப் பேசிய சம்பளமோ லட்சங்களில் அல்ல, மில்லியன்களில். அடுத்த இரண்டு ஆண்டும் அவர் தவறவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் அந்தத் தொகையைச் சொல்லிக் கத்தினார்கள். பக்கத்து இருக்கையில் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமையாக இருக்கும்.

2016 அக்டோபர் 1, கிராண்ட் ஃபைனல், கடைசிக் கால்பகுதி. எதிரே சிட்னி. எங்கள் டேல் மோரிஸ் பாய்ந்து பிடித்தார், பந்தோடு சிக்கியவர் அதே ஃபிராங்க்ளின். சிதறிய பந்து பாய்டின் கைக்கு வந்தது. கோல் கம்பங்கள் வெகு தொலைவில். ஒரு கணம்கூட யோசிக்காமல் உதைத்தார். பந்து தரையில் விழுந்து, குதித்து, குதித்து, கம்பங்களுக்கு நடுவே போனது. என் வீட்டுக் கூடத்தில் யார் யாரைக் கட்டிப்பிடித்தோம் என்று தெரியவில்லை. 1954-க்குப் பிறகு முதல் கோப்பை, 22 புள்ளி வித்தியாசம். பாய்டு மட்டும் மூன்று கோல். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பெரியவர், 1954-இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர், தெருவில் நின்று போகிற கார்களுக்கெல்லாம் கை அசைத்தார்.

2019-இல், 23 வயதில், பாய்டு ஓய்வு பெற்றார். மனநலச் சிக்கலை வெளிப்படையாகச் சொன்னார். மீதமிருந்த ஒப்பந்தத்தையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். தொகையைப் பற்றிச் சண்டை போடும் உங்கள் வீட்டார் இந்தக் கடைசி வரியையும் கணக்கில் சேர்க்கட்டும்.

கை நிறையச் சம்பளம் வாங்குகிறார்கள். எங்கே அனுப்பினாலும் போகவேண்டியதுதானே?
– வாசகர், வென்ட்வொர்த்வில், சிட்னி

ஆடம் டிரெலோர் 2020-இல் காலிங்வுட்டில் நீண்ட ஒப்பந்தத்தில் இருந்தார், போக விருப்பமில்லை என்று சொன்னார். சம்பள வரம்பு காலிங்வுட்டின் கழுத்தை நெரித்ததால், கிளப் அவரை வெளியேற்றப் பார்த்தது. நெட்பால் வீராங்கனையான அவருடைய துணைவி, கைக்குழந்தையோடு குயின்ஸ்லாந்துக்கு ஆடப் போகவிருந்தார். அந்தக் குடும்பம் எப்படி வாழவேண்டும் என்று முகம் தெரியாதவர்கள் எல்லாம் தீர்ப்புச் சொன்னார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. கடைசி நாளில் அவர் புல்டாக்ஸுக்கு வந்தார். சம்பளத்தின் ஒரு பகுதியைக் காலிங்வுட்டே தொடர்ந்து கொடுத்தது. 2024-இல் டிரெலோர், பருவத்தின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலிய அணியில் முதல்முறையாக இடம் பிடித்தார்.

பிக், சம்பளம், ஒப்பந்தம் பற்றி இரவெல்லாம் ஊகியுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஒருவர் வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்ற ஊகத்தை மட்டும் எனக்கு அனுப்பாதீர்கள்.

கேப்டனாக இருப்பவர், ஒப்பந்தமும் மீதி இருக்கும்போது, போகிறேன் என்று கேட்கலாமா?
– எசண்டன் ரசிகை, கிரெய்கிபர்ன்

கேட்கலாம். மறுக்கவும் கிளப்புக்கு உரிமை உண்டு. 2025-இல் எசண்டனின் அப்போதைய கேப்டன் சாக் மெரட் ஹாதார்னுக்குப் போகக் கேட்டார், எசண்டன் விடவில்லை. அக்டோபர் 15 மாலை கெடு முடிந்தபோதும் அவர் எசண்டன் வீரர்தான். எசண்டன் செய்தது சரி என்றே நினைக்கிறேன்.

2028-இல் டாஸ்மேனியா டெவில்ஸ் வந்தால் யார் யார் போவார்கள்?
– வாசகர், ஹோபார்ட்

புது கிளப் வரும்போது லீக் அதற்குச் சலுகைகள் தரும். 2011-இல் கோல்டு கோஸ்ட் களம் இறங்கியபோது ஜீலாங்கின் கேரி ஆப்லெட் ஜூனியரையே இழுத்தது. அடுத்த ஆண்டு கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி, மெல்பர்னின் டாம் ஸ்கல்லியைக் கொண்டுபோனது. அந்த 2011 பருவம் முழுக்க ஸ்கல்லி போவாரா மாட்டாரா என்பதே பேச்சு.

ஆகவே 2027-இல் ஒப்பந்தம் முடிகிற வீரர்களின் பட்டியலை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் டாஸ்மேனியாவில் பிறந்தவர்களுக்கு அடிக்கோடு போடுங்கள். அந்த ஆண்டின் நடுவில் யாராவது ‘பருவம் முடிந்து பேசிக்கொள்ளலாம்’ என்று ஒப்பந்தத்தைத் தள்ளிப்போட்டால் எனக்கு எழுதுங்கள், அந்தப் பெயரிலிருந்து தொடங்குவோம்.