அல்ட்ராசோனிக் ஃப்ளோ மீட்டரின் சென்சார்களைக் குழாயில் எங்கே பொருத்த வேண்டும்?

குழாயை வெட்டாமல் வெளிப்புறத்தில் கட்டி, உள்ளே ஓடும் நீரின் அளவை மீயொலி அலைகளால் அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டருக்கு எந்த இடம் பொருத்தமானது என்று கேட்டிருக்கிறீர்கள். மீட்டரை வாங்கும்போது காட்டும் அக்கறையை இடத் தேர்விலும் காட்ட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அளக்கும் இடத்தில் குழாய் முழுவதும் நீர் நிரம்பியிருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை; ஆகவே செங்குத்துக் குழாயில் நீர் மேல்நோக்கி ஏறும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள், கீழிறங்கித் திறந்தவெளியில் கொட்டும் பகுதியைத் தவிருங்கள். கிடைமட்டக் குழாயில் மேற்புறம் காற்றும் அடிப்புறம் வண்டலும் சேரும் என்பதால், சென்சார்களைப் பக்கவாட்டில், அதாவது கடிகார முகப்பின் 3 மணி, 9 மணி நிலைகளை ஒட்டிப் பொருத்துங்கள்.

வளைவைக் கடந்த நீர் ஒருபுறம் விரைவாகவும் மறுபுறம் மெதுவாகவும், சற்றுச் சுழன்றபடியும் வருவதால், சென்சாருக்கு நீர் வரும் பக்கத்தில் குழாய் விட்டத்தைப் போல் குறைந்தது 10 மடங்கும், நீர் வெளியேறும் பக்கத்தில் 5 மடங்கும் நேரான நீளம் விடுவது பொதுவான நடைமுறை. 200 மி.மீ. குழாய் என்றால் 2 மீட்டரும் 1 மீட்டரும் ஆகும். பம்ப்புக்கோ பாதி திறந்த வால்வுக்கோ பின்னால் பொருத்துவதாக இருந்தால், இடம் கிடைக்கும் பட்சத்தில் 30 மடங்கு விடுவது பாதுகாப்பானது. வெல்டிங் தையலின் மேல் சென்சாரை வைக்காதீர்கள். துருவையும் உரியும் பெயின்டையும் தேய்த்து நீக்கிய பின், சென்சாருக்கும் குழாய்க்கும் இடையே ஒலியைக் கடத்தும் ஜெல் தடவுங்கள், குழாய்ச் சுவரின் தடிமனை அந்த இடத்திலேயே அளந்து மீட்டரில் உள்ளிடுங்கள்.