சொல்லி முடிக்க முதலே தலையாட்டுகிறவர்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். பாடசாலைக் காலத்திலிருந்தே நானும் தோழிகள் நால்வரும் நடிகர் ------ அவர்களின் ரசிகைகள். அவர் முதன்முறையாகத் துப்பறியும் தொடர் ஒன்றில் நடிக்கிறார் என்ற செய்தி வந்த நாளிலிருந்து எங்களுக்கு வேறு பேச்சில்லை. முன்னோட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கொலையாளி யாராக இருக்கலாம் என்று வட்ஸ்அப்பில் ஒரு பட்டியலே போட்டுவிட்டோம். வெளியாகும் இரவில் எல்லோரும் எங்கள் வீட்டில் கூடி, எட்டு அத்தியாயங்களையும் விடிவதற்குள் பார்த்து முடிப்பதாகத் தீர்மானித்திருக்கிறோம். ஆனால் அப்பா, "படம் குறைந்தவர்கள்தான் தொடருக்கு வருவார்கள்" என்று சொல்லிவிட்டார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நாங்கள் இவ்வளவு எதிர்பார்ப்பது தவறா? இப்படியான ஒரு நட்சத்திரம் துப்பறிவாளராக வரும்போது அவரிடம் எதை எதிர்பார்க்க வேண்டும்?

எஸ்.
வெள்ளவத்தை

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்திலிருந்த நடிகரின் பெயரை எடுத்துவிட்டுப் பிரசுரிக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் இருந்தால் அவருடைய ரசிகர்கள் ஒரு பக்கமும், அவருக்குப் போட்டி என்று சொல்லப்படுகிறவரின் ரசிகர்கள் மறுபக்கமுமாக வரிந்துகட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். நாம் பேச வந்த விஷயம் நடுவில் நசுங்கிப்போகும்.

அப்பாவின் பேச்சை முதலில் முடித்துவிடலாம். அவருடைய காலத்துக்கு அது உண்மை. திரையில் இடம் போனவர்கள் நாடகத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வந்ததை அவர் கண்ணாரப் பார்த்திருப்பார். இன்று நிலைமை வேறு என்பதை அவருக்கு விளக்க நான் முயலப்போவதில்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். இரண்டரை மணி நேரப் படத்தில் பாட்டுக்கும் சண்டைக்கும் காதலுக்கும் பங்கு கொடுத்த பிறகு, ஒரு கொலையை விசாரிப்பதற்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம்கூட இராது. எட்டு அத்தியாயங்கள் என்றால் ஐந்தாறு மணி நேரம். சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, ஆறுதலாகப் பேசவிட்டு, அவர் சொன்ன பொய்யை மூன்று அத்தியாயங்கள் கழித்து வெளியே எடுக்க அந்த நேரம் வேண்டும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அதற்கு விடை சொல்ல என்னுடைய பெரியம்மாவை அழைத்துவர வேண்டியிருக்கிறது.

எண்பதுகளின் இறுதியில் நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். கனடாவிலிருந்த மகன் அனுப்பப்போகும் விசாவை எதிர்பார்த்துப் பெரியம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அந்த நாட்களில் லண்டனிலிருந்த மாமா, அங்கே தொலைக்காட்சியில் போன ஆங்கிலத் துப்பறியும் தொடர் ஒன்றைக் கசெட்டில் பதிந்து, ஊருக்கு வந்த யாரோ ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். வீடியோக் கடையில் சனிக்கிழமை ஒரு நாளைக்கு 'டெக்' வாடகைக்கு எடுத்து, வீடு முழுவதும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். மூன்று மணி நேரக் கசெட்டில் மூன்று கதைகள் பதியப்பட்டிருந்தன. நடுவே வந்த விளம்பரங்களையும் விடாமல் பார்த்தோம், ஏனென்றால் அவையும் லண்டன். மூன்றாவது கதையில் துப்பறிவாளர் எல்லோரையும் ஒரு அறையில் கூட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசத் தொடங்கிய இடத்தில் நாடா முடிந்துவிட்டது. திரையில் வெறும் பொரிதல்தான் தெரிந்தது.

கொலையாளி யார் என்று அன்றிரவு தொடங்கிய வாக்குவாதம் பல வாரங்கள் ஓடியது. அப்பா மருத்துவர்தான் என்றார். அண்ணா ஒரு தாளில் நேர அட்டவணையே கீறி, தோட்டக்காரன் என்று நிறுவினான். ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் அறியாத பெரியம்மா, வெற்றிலையை மடித்துக்கொண்டே, இறந்தவரின் மருமகனைச் சுட்டினார். ஏன் என்று கேட்டதற்கு அவர் சொன்னது இதுதான்: "மற்ற எல்லாரும் அந்த மனிசன் கேக்கிறதைக் கேட்டிட்டு யோசிக்கினம். இவன் மட்டும் அவர் சொல்லி முடிக்க முதலே தலையாட்டுறான்."

எட்டு மாதம் கழித்து மாமா மறுபடியும் பதிந்து அனுப்பிய கசெட் வந்தபோது பெரியம்மா கனடா போய்ச் சேர்ந்துவிட்டார். கொலையாளி மருமகன்தான். நான் அதைக் கடிதத்தில் எழுதினேன். வந்த பதிலில் அங்கே விழுந்த பனியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது. கடைசி வரியில், "அதைத்தானே அப்பவே சொன்னனான்" என்று இருந்தது.

பேச்சு விளங்காததால் பெரியம்மா, ஒருவர் பேசும்போது மற்றவர் எப்படிக் கேட்கிறார் என்பதை மாத்திரம் பார்த்தார். பிற்காலத்தில் எத்தனையோ துப்பறியும் தொடர்களைப் பார்த்த பிறகுதான், இந்த வகை நடிப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. துப்பறிவாளரின் வேலையில் முக்கால்வாசி, பிறர் பேசுவதைக் கேட்பது. காவலாளி பேசுகிறார், விதவை பேசுகிறார், பக்கத்து வீட்டுக்காரர் தேவையில்லாததையெல்லாம் பேசுகிறார், நாயகன் உட்கார்ந்திருக்கிறார். நம்முடைய திரைப்படங்களோ நட்சத்திரங்களை நேர்மாறாகப் பழக்கியிருக்கின்றன: அவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள்; அவர் நடந்துவருவார், மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இருபது வருடம் பார்க்கப்பட்டே பழகிய ஒருவர், ஒரு கிழவியின் முன்னால் உட்கார்ந்து அவர் சொல்வதை முதன்முறையாகக் கேட்கிற மாதிரிக் கேட்பது இலேசான காரியமல்ல.

கேட்பதையே கலையாக்கியவர் என்று நான் முதலில் சொல்லக்கூடியவர் பீட்டர் ஃபால்க். 'கொலம்போ' என்ற அமெரிக்கத் தொடரில் அந்தப் பெயரையுடைய பொலிஸ் அதிகாரியாக 1968 இலிருந்து 2003 வரை, நடுவில் இடைவெளிகள் விட்டு, 69 கதைகளில் வந்தார். (ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கும் நம்முடைய நகரத்தின் பெயருக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். சிறுவயதில், அமெரிக்காவில் வேலை செய்யும் நம்மூர்க்காரர் ஒருவரின் கதையாக்கும் என்று எண்ணி நான் பெருமைப்பட்டதுண்டு.) கொலையாளி யாரென்பது பெரும்பாலும் கதையின் தொடக்கத்திலேயே நமக்குக் காட்டப்பட்டுவிடும். ஆகவே யார் என்ற புதிர் அங்கே இல்லை. கசங்கிய மழைக்கோட்டோடு வரும் இந்த மனிதர், பணமும் படிப்பும் உள்ள கொலையாளியைப் பேசவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுவிட்டு, வாசல்வரை போய்த் திரும்பிவந்து இன்னொரு சின்னக் கேள்வி கேட்பார். அந்தக் கோட்டு ஃபால்கின் சொந்தக் கோட்டு. மூன்று வயதில் நோயினால் வலது கண்ணை இழந்து செயற்கைக் கண் வைத்திருந்தவர் அவர். ஒற்றைக் கண்ணால் அவர் ஒருவரைப் பார்த்துக் கேட்கும்போது, சொல்கிறவர் சொல்ல நினையாததையும் சொல்லிவிடுவார் போலிருக்கும்.

டேவிட் சூஷே இன்னொரு வகை. அகதா கிறிஸ்டி படைத்த துப்பறிவாளர் பொய்ரோவாக, ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடரில் 1989 இலிருந்து 2013 வரை 70 கதைகளில் நடித்தார். அந்த வேடத்தை ஏற்கும் முன் மூலக்கதைகளை வாசித்து, பொய்ரோவின் பழக்கவழக்கங்களை 93 குறிப்புகளாக எழுதிவைத்துக்கொண்டார். தன் முகத்தை மறைத்து இன்னொருவரின் பழக்கங்களுக்குள் குடியேற அவர் பட்ட பாடு அது. உங்கள் நடிகர் 93 வேண்டாம், ஒன்பது குறிப்பு எழுதியிருந்தாலும் எனக்குப் போதும்.

தமிழில் இதற்கு எதிரான ஓர் உதாரணம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் 1977 இல் வெளிவந்த 'காயத்ரி' படத்தில் ஜெய்சங்கராகவும், அடுத்த வருடமே 'ப்ரியா' படத்தில் ரஜினிகாந்தாகவும் வந்தார். முதற்படத்தில் அதே ரஜினிகாந்த் வில்லன் என்பது ஒரு வேடிக்கை. 'ப்ரியா'வில் கணேஷுக்குப் பாட்டு வந்தது, சண்டை வந்தது, காதலியும் வந்தார். படம் நன்றாகவே ஓடியது. இளையராஜாவின் பாடல்களை இன்றைக்கும் நான் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் புத்தகத்தில் மேசைக்கு எதிரே இருக்கிறவரை அளவெடுத்துக்கொண்டிருக்கும் அந்த மனிதரை நான் அதில் காணவில்லை. இது ரஜினிகாந்தின் குற்றமல்ல. நட்சத்திரத்துக்காகத் துப்பறிவாளர் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று, அவ்வளவுதான்.

இதனால் உங்களுடைய நம்பிக்கையை நான் குலைப்பதாக நினைக்க வேண்டாம். எஸ். ஜே. சூர்யாவை நினைத்துப் பாருங்கள். குரலை உயர்த்தி, ஒரு வாக்கியத்தை நாலாக உடைத்து, கண்ணை உருட்டி நடிப்பதில் பெயர் வாங்கியவர். அவர் 2022 டிசம்பரில் வெளிவந்த 'வதந்தி' தொடரில் உதவிப் பொலிஸ் பரிசோதகராக வருகிறார் என்று கேள்விப்பட்டபோது நான் சிரித்தேன். பார்த்த பிறகு அந்தச் சிரிப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். இறந்துபோன பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்ல, அவர் ஒவ்வொன்றையும் நம்புகிறார், பிறகு நம்பியதற்காக வெட்கப்படுகிறார், வீட்டில் மனைவியோடு இருக்கும்போதும் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பேசிப் பேர் வாங்கிய ஒருவர் வாயை மூடினால் இவ்வளவு தெரியுமா என்று எனக்கு இருந்தது. அதில் இன்னொன்றும் உண்டு: அவர் பிழைவிடுகிறார். பிழைவிடாத துப்பறிவாளரோடு நாம் சேர்ந்து யோசிக்க முடியாது. அவர் முன்னால் போவார், நாம் கைதட்டிக்கொண்டு பின்னால் போகலாம். உங்கள் நடிகர் கடைசியாக எந்தப் படத்தில் தோற்றார் அல்லது பிழைவிட்டார் என்று உங்களால் சொல்ல முடியுமா? எனக்கு நினைவில்லை. என்னுடைய பயம் அது ஒன்றுதான்.

எதிர்பார்ப்பது தவறா என்று கேட்டீர்கள். தவறே அல்ல, எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. பிபிசியின் 'ஷெர்லொக்' தொடரில் நாயகன் மாடியிலிருந்து குதித்துச் செத்ததாகக் காட்டியது 2012 ஜனவரியில். எப்படிப் பிழைத்தார் என்பதற்கு ரசிகர்கள் 2014 ஜனவரி முதலாம் திகதிவரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருடத்தில் ரசிகர்கள் கட்டிய ஊகங்கள் அவ்வளவு பெருகியதால், தொடரை எழுதியவர்கள் அந்த ஊகங்களையே எடுத்து அடுத்த அத்தியாயத்துக்குள் வைத்து விளையாடினார்கள். தமிழில் 'சுழல்' முதற்பருவம் 2022 ஜூனில் வந்தது, பெட்ரோல் வரிசையிலும் மின்வெட்டிலும் நாம் கிடந்த மாதத்தில். கைத்தொலைபேசியில் மின்சாரம் மிஞ்சியிருக்கும் அளவுக்கு அரை அத்தியாயம், கால் அத்தியாயம் என்று நான் அதைப் பார்த்து முடிக்க ஒன்பது நாளானது. இரண்டாம் பருவம் வந்தது 2025 பெப்ரவரி இறுதியில். முதலாவதை நான் கூடுதலாக ரசித்ததற்கு அந்த ஒன்பது நாளும் ஒரு காரணமென்று இப்போது தோன்றுகிறது. மிச்ச நேரமெல்லாம் இருட்டில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் எட்டையும் ஒரே இரவில் பார்க்கும் உங்கள் தீர்மானத்தோடு எனக்கு உடன்பாடில்லை. நான்காவது அத்தியாயத்துக்குப் பிறகு யாரும் யோசிக்கமாட்டீர்கள். அடுத்தது, அடுத்தது என்று விரல் தானாகப் போகும். நீங்கள் போட்ட பட்டியல் அநியாயமாக வீணாகும். ஓர் இரவுக்கு இரண்டு போதும். இதில் ஓர் இடைஞ்சல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்: இந்திய நள்ளிரவும் நம்முடைய நள்ளிரவும் ஒன்று, ஆனால் அந்த நேரத்தில் டொரன்டோவில் பட்டப்பகல். நீங்கள் இரண்டைப் பார்த்துவிட்டுத் தூங்கி எழும்புவதற்குள் அங்கிருக்கும் ஒரு மச்சாள் எட்டையும் முடித்து, கொலையாளியின் பெயரைக் குடும்பக் குழுவில் போட்டிருப்பார். நான்கு நாளைக்கு அந்தக் குழுவைத் திறக்காமல் விடுங்கள். கலியாண வீட்டு அறிவித்தல் ஏதும் தவறிப்போனால் என்னைச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய முன்னோட்டத்தை நானும் மூன்று தடவை பார்த்தேன். அதில் உங்கள் நடிகர் மழையில் நடந்துவருகிறார், காரிலிருந்து மெதுவாக இறங்குகிறார், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுகிறார். அவரைத் தவிர ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. எனக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. ஆனால் முன்னோட்டம் செய்கிறவர்கள் விற்பனைக்காரர்கள், அவர்களை வைத்து இயக்குநரை எடைபோடக் கூடாது. கடைசிக்குச் சற்று முன் ஒரு காட்சி இமைப்பொழுதுக்கு வந்துபோகிறது, நீங்கள் நிறுத்திப் பார்த்தீர்களோ தெரியவில்லை. ஒரு திண்ணையில் ஒரு மூதாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். எதிரே உங்கள் நடிகர். அவர் கையிலிருக்கும் தேநீர்க் கோப்பையில் ஆடை படிந்திருக்கிறது; அதாவது வெகுநேரமாக அவர் அதைக் குடிக்கவில்லை.

அந்தக் காட்சி எத்தனையாவது அத்தியாயத்தில் வருகிறது என்றும், மூதாட்டி சொல்லி முடித்த பிறகுதானா அவர் தலையாட்டுகிறார் என்றும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.